சாகவிடாமல் தடுத்தால் செல் பிழைத்துவிடுமா?

கல்லீரல் செல்கள் மடிவதைத் தடுத்துவிட்டால் கல்லீரல் தப்பித்துவிடும் என்பது, கேட்ட மாத்திரத்தில் யாரும் மறுக்க முடியாத தருக்கமாகத்தான் படுகிறது. கொழுப்புக் கல்லீரல் நோயில் செல்கள் இங்கொன்றும் அங்கொன்றுமாக, ஆண்டுக்கணக்கில், வலியோ காய்ச்சலோ இல்லாமல் மடிந்துகொண்டிருக்கின்றன. அந்த மரணத்தைச் செல்லுக்கு உள்ளிருந்தே நிறைவேற்றுபவை கேஸ்பேஸ்கள் எனப்படும் நொதிகள். எனவே கேஸ்பேஸ்களை முடக்கும் மாத்திரையைக் கொடுத்தால் செல் மடியாது, தழும்பும் விழாது என்று எதிர்பார்ப்பதில் தவறொன்றும் இல்லை. எம்ரிகாசான் என்ற மருந்து இந்த எதிர்பார்ப்பில்தான் உருவானது. தழும்பு விழத் தொடங்கியும், கல்லீரல் முழுக்கத் தழும்பேறி இறுகும் சிரோசிஸ் வரை போகாத 318 நோயாளிகளிடம் அதை 72 வாரங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். 2020-இல் ஆய்விதழில் அச்சேறிய முடிவு எதிர்பார்ப்பைத் தலைகீழாக்கியது. மருந்தில்லாப் போலி மாத்திரை விழுங்கியவர்களில் 19 விழுக்காட்டினருக்கு நோய் முற்றாமல் தழும்பு ஒரு படியாவது குறைந்திருக்க, மருந்து விழுங்கிய இரு குழுக்களிலும் அந்த அளவு 11, 12 விழுக்காட்டுடன் நின்றுவிட்டது. இதில் என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று: மருந்து சாப்பிட்டவர்களின் ரத்தத்தில், கல்லீரல் பழுதைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. நொதியின் அளவு தொடக்கத்தில் நன்றாகவே குறைந்தது. அறிக்கைத் தாளில் கல்லீரல் தேறிவருவதாகத் தெரிந்த அதே காலத்தில், ஊசி குத்தி எடுத்த திசுவில் அது தேறவில்லை.

சேலத்தில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்தும் நான், செல் மரணம் என்ற பாடத்தை ஒவ்வோர் ஆண்டும் இந்த மருந்தின் கதையை வைத்தே தொடங்குகிறேன். பாடப்புத்தகத்தில் வரும் அம்புக்குறிப் படங்களை மாணவிகள் மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஆனால் ஓர் அம்புக்குறியை வெட்டினால் என்ன ஆகும் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். இந்தப் பதிவு அந்தக் கேள்விக்கு நான் வகுப்பில் சொல்லும் விடையின் சற்று நீண்ட வடிவம்.

முதலில் கல்லீரலுக்குள் கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். ஏனென்றால், ஸ்கேன் அறிக்கையில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்று பார்த்தவுடன் நம் வீடுகளில் நடக்கும் முதல் சீர்திருத்தம் தாளிப்பு எண்ணெயைக் குறைப்பதுதான். 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், கொழுப்புக் கல்லீரல் உள்ள 9 பேருக்கு ஐசோடோப்பு அடையாளமிட்ட கொழுப்பையும் அசிட்டேட்டையும் கொடுத்து, கல்லீரலில் தேங்கிய ட்ரைகிளிசரைடு என்ற சேமிப்புக் கொழுப்பின் பிறப்பிடத்தைக் கணக்கிட்டார்கள். ஏறத்தாழ 59 விழுக்காடு உடலின் கொழுப்புத் திசுவிலிருந்து கசிந்து ரத்தத்தில் மிதந்து வந்த கொழுப்பு அமிலங்கள். 26 விழுக்காடு கல்லீரலே மாவுச்சத்திலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் புதிதாகச் செய்துகொண்டது. நேரடியாக உணவுக் கொழுப்பிலிருந்து வந்தது 15 விழுக்காடு மட்டுமே. எண்ணெயைப் பாதியாக்கிவிட்டு, மூன்று வேளையும் சோறும் இட்லியும் அளவில்லாமல் தொடர்ந்து, மாலையில் பேக்கரி டீயுடன் மைதா பிஸ்கட்டும் சாப்பிடுகிறவர் எந்தப் பங்கைக் குறைத்திருக்கிறார் என்பதை இந்த எண்களே சொல்லிவிடும். கல்லீரல் தானே செய்துகொள்ளும் கொழுப்பின் முதன்மை விளைபொருள் பால்மிட்டிக் அமிலம் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். செல்லைக் கொல்லும் கதையில் முதல் பெயர் அதனுடையதுதான்.

கொழுப்புத் துளி செல்லைக் கொல்வதில்லை என்று சொன்னால் மாணவிகள் நம்ப மறுப்பார்கள். ட்ரைகிளிசரைடாகக் கட்டி, துளியாக உருட்டி ஒதுக்கிவைத்த கொழுப்பு பெரும்பாலும் செயலற்றது. செல்லை வதைப்பவை அப்படிக் கட்டப்படாமல் உள்ளே அலையும் கொழுப்பு அமிலங்களும், அவற்றிலிருந்து பிறக்கும் செராமைடு, லைசோபாஸ்பட்டிடைல் கோலின் போன்ற பொருள்களுமே. எங்கள் மாவட்டத்து ஜவ்வரிசி ஆலைகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அரைத்த மரவள்ளிக் கிழங்கின் மாவுப்பால் தொட்டியில் படிந்து, களத்தில் உலர்ந்து, மூட்டைக்குள் போய்விட்டால் மாதக்கணக்கில் கெடாமல் கிடக்கும். படிய இடமில்லாமல் பாலாகவே நின்றுவிட்டால்தான் புளித்து நாறத் தொடங்கும். 2007-இல் எலிகளில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ட்ரைகிளிசரைடு கட்டும் கடைசி நொதியான டி.ஜி.ஏ.டி.2-ஐத் தடுத்தபோது கல்லீரலில் தேங்கிய கொழுப்பு குறைந்தது. அழற்சியும் தழும்பும் அதிகரித்தன. ஸ்கேன் எடுத்திருந்தால் அந்த எலிகளுக்கு நோய் குறைந்துவிட்டதாகவே எழுதியிருப்பார்கள்.

எல்லாக் கொழுப்பு அமிலமும் ஒரே அளவில் நஞ்சு இல்லை. கண்ணாடித் தட்டில் வளர்த்த கல்லீரல் செல்களுக்கு ஒலியிக் அமிலத்தைக் கொடுத்தால் அவை துளிகளால் நிரம்பினாலும் பெரும்பாலும் உயிரோடு இருக்கும். பால்மிட்டிக் அமிலத்தைக் கொடுத்தால் துளிகள் குறைவாகவே உருவாக, செல்கள் மடியும். பால்மிட்டிக் அமிலம் இரட்டைப் பிணைப்பு இல்லாத, நேரான சங்கிலி. அது படலங்களில் நுழைந்தால் அவை இறுகிவிடும். செல்லுக்குள் புரதங்களைச் செய்து மடித்துத் தரும் எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் என்ற படல வலையமைப்பு இந்த இறுக்கத்தை முதலில் உணர்கிறது. அங்கே சரியாக மடியாத புரதங்கள் குவியும்போதும், படலத்தின் கொழுப்புக் கலவை மாறும்போதும், ஐ.ஆர்.இ.1, பெர்க், ஏ.டி.எஃப்.6 என்ற மூன்று உணரிகள் விழித்துக்கொள்கின்றன. தொடக்கத்தில் இவை செய்வதெல்லாம் நல்ல வேலையே: புதுப் புரதம் செய்வதைக் குறைப்பது, மடிக்க உதவும் துணைப் புரதங்களைக் கூட்டுவது, கெட்டதை அப்புறப்படுத்துவது. நெருக்கடி ஓரிரு நாளில் தீர்ந்தால் செல் பிழைத்துக்கொள்ளும். ஆனால் கொழுப்புக் கல்லீரலில் நெருக்கடி ஓய்வதில்லை. அடுத்த வேளைச் சோறு வந்துகொண்டே இருக்கிறது.

ஓயாத நெருக்கடியில் பெர்க் வழியாகச் சாப் என்ற மரபணுக் கட்டுப்பாட்டுப் புரதம் உயர்கிறது. அது செல்லின் மேற்பரப்பிலும் உள்ளிலும் டி.ஆர்.5 எனும் மரண ஏற்பியைப் பெருக்குகிறது. வெளியிலிருந்து டிரெய்ல் என்ற சமிக்ஞைப் புரதம் வந்து ஒட்டினால்தான் இந்த ஏற்பி வேலை செய்யும் என்று படித்திருப்போம். பால்மிட்டிக் அமிலம் நிறைந்த செல்லிலோ, படலத்தின் அமைப்பு மாறிவிடுவதால், ஏற்பிகள் தாமாகவே கொத்துச் சேர்ந்து சமிக்ஞையைத் தொடங்கிவிடுகின்றன. கொல்லச் சொல்லி வெளியிலிருந்து யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு பக்கம் ஜே.என்.கே. என்ற கைனேஸ் நொதி செயலூக்கம் பெற்று, சாப்புடன் சேர்ந்து பியூமா, பிம் ஆகிய புரதங்களைக் கூட்டுகிறது. இந்த எல்லா ஓடைகளும் வந்து கலக்கும் இடம் மைட்டோகாண்ட்ரியா.

கல்லீரல் செல்லின் தனிக்குணம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். சில வகை நிணநீர்ச் செல்களில் மரண ஏற்பி தூண்டப்பட்டால் கேஸ்பேஸ்-8 நேராகக் கேஸ்பேஸ்-3-ஐ வெட்டி எழுப்பிவிடும். கதை அங்கேயே முடிந்துவிடும். கல்லீரல் செல்லில் அந்த நேர்வழி வலுவற்றது. கேஸ்பேஸ்-8 முதலில் பிட் என்ற புரதத்தை வெட்ட வேண்டும்; வெட்டுண்ட துண்டு மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய் பாக்ஸ், பாக் என்ற புரதங்களைத் தூண்ட வேண்டும்; அவை வெளிப்படலத்தில் துளையிட்டு, சைட்டோகுரோம் சி வெளியே வழிய வேண்டும்; அது அபாஃப்-1 உடன் கூடிச் சக்கர வடிவக் கூட்டமைப்பாகி கேஸ்பேஸ்-9-ஐ எழுப்ப, அது கேஸ்பேஸ்-3-ஐ எழுப்ப வேண்டும். ஆக, வெளியிலிருந்து வந்தாலும் உள்ளிருந்து எழுந்தாலும், கல்லீரல் செல்லின் மரண ஆணை மைட்டோகாண்ட்ரியாவின் கையெழுத்தில்லாமல் பெரும்பாலும் செல்லுபடியாகாது. கொழுப்புக் கல்லீரலில் அந்த மைட்டோகாண்ட்ரியாவே நலிந்து போயிருக்கிறது என்பதுதான் கொடுமை. அளவுக்கு மீறிய கொழுப்பை எரித்து எரித்து, சுவாசச் சங்கிலியிலிருந்து எலக்ட்ரான்கள் கசிந்து, வினைமிகு ஆக்சிஜன் பொருள்கள் உருவாகின்றன. அதன் படலத்தில் கொலஸ்ட்ரால் சேர்ந்தால் காப்புப் பொருளான குளுட்டத்தியோன் உள்ளே வருவதும் தடைப்படுகிறது. செல்லின் கழிவுகளைச் செரிக்கும் பையான லைசோசோமும் சும்மா இருப்பதில்லை. கொழுப்பு அமிலம் மிகும்போது பாக்ஸ் அங்கேயும் போய் அமர்ந்து படலத்தைப் பழுதாக்க, உள்ளிருக்கும் கத்தெப்சின் பி வெளியேறி, மைட்டோகாண்ட்ரியாவை மேலும் குலைக்கிறது என்பது 2004 முதலே தெரிந்த செய்தி.

இப்படிச் செல் தன்னைத் தானே ஒழுங்காகக் கலைத்துக்கொள்ளும் முறைக்கு அப்போப்டோசிஸ் என்று 1972-இல் ஜான் கெர், ஆண்ட்ரூ வில்லி, அலஸ்டேர் கரி ஆகிய மூவர் பெயரிட்டார்கள். அந்தப் பெயருக்கு முன்னதாக, 1960-களில், கெர் இதைக் கண்டதே எலியின் கல்லீரலில்தான் என்பது பாடப்புத்தகங்கள் விட்டுவிடும் செய்தி. கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையின் கிளையைக் கட்டிவிட்டபோது, அந்த மடல் அழுகாமல் சுருங்கியது. ஆங்காங்கே தனிச் செல்கள் சிறுத்து உருண்டைகளாகிப் பக்கத்துச் செல்களால் விழுங்கப்பட்டன. சுற்றிலும் அழற்சி இல்லை. செல் மரணம் என்றாலே வீக்கமும் வெடிப்பும் என்று நினைத்திருந்த காலத்தில் அது விந்தையான காட்சி.

நோயாளியின் திசு வில்லையில் அது எப்படித் தெரியும் என்பதைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன். கற்பித்தலுக்காக எங்கள் துறையில் வைத்திருக்கும் பழைய வில்லைகளில் ஒன்று, கொழுப்பு அழற்சிக் கல்லீரலுடையது. நாற்பது மடங்கு லென்ஸில் முதலில் கண்ணில் படுபவை வெள்ளை ஓட்டைகள். திசுவைப் பதப்படுத்தும்போது ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு போய்விடுவதால், துளி இருந்த இடம் மட்டும் வட்டமாக மிஞ்சுகிறது. கல்லீரல் செல்களில் 5 விழுக்காட்டுக்கு மேல் இத்தகைய துளிகள் இருந்தாலே கொழுப்புக் கல்லீரல் என்று எழுதலாம். ஓட்டைகளைக் கடந்து மையச் சிரையை ஒட்டிய பகுதிக்குப் போனால், அடர்ந்த இளஞ்சிவப்பில் சுருங்கிய ஓர் உருண்டை, அதைச் சுற்றி ஒரு வெளிர் வளையம், உள்ளே கருத்துச் சிதைந்த உட்கருவின் மிச்சம் - அதுதான் அப்போப்டோசிஸில் மடிந்த செல். ஒரு வில்லை முழுக்கத் தேடினால் நாலைந்து கிடைக்கும், அவ்வளவுதான். சில மணி நேரத்துக்குள் அது துண்டாகி விழுங்கப்பட்டுவிடுவதால், கண்ணில் படுவது குறைவு. அதை வைத்து மரணமும் குறைவு என்று எண்ணிவிடக் கூடாது.

மாணவிகள் தவறவிடுவது அதற்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு செல்லை. வழக்கமான செல்லைப்போல் ஒன்றரை மடங்கு, இரு மடங்கு பெருத்து, மூலைகள் மழுங்கி, உள்ளே வெளுத்துத் திரித்திரியாக, ஓரிடத்தில் மட்டும் கயிறு முறுக்கியதுபோன்ற சிவந்த கட்டியுடன் அது நிற்கும். பலூன் செல் என்று இதைச் சொல்கிறோம். முறுக்கிய கட்டிக்கு மல்லோரி-டெங்க் பொருள் என்று பெயர். செல்லின் சட்டகமாக இருக்க வேண்டிய கெராட்டின் 8, 18 இழைகள் குலைந்து, யுபிகுவிட்டினும் பி62 புரதமும் சேர்ந்து உறைந்த எச்சம் அது. இந்தச் செல் செத்துவிட்டதா, இருக்கிறதா என்று கேட்டால் இரண்டுமே முழு விடையாகாது. பலூன் செல்களில் கேஸ்பேஸ்-9 குறைந்துபோயிருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அதாவது, சாக வேண்டிய எல்லாக் காரணமும் இருந்தும், சாவை முடித்துவைக்கும் கருவி கைவசம் இல்லாத செல். அது சும்மாவும் இருப்பதில்லை. சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரந்துகொண்டே இருக்கிறது. சுற்றியுள்ள, தழும்பு நாரைச் செய்யும் விண்மீன் செல்களுக்கு அது தழும்பு நார் நெய்யச் சொல்லும் கட்டளை. ட்ரைக்ரோம் சாயமிட்ட வில்லையில், பலூன் செல்களைச் சுற்றித்தான் மெல்லிய நீல நார்கள் கோழிக்கூண்டு வலைபோல் தெரியும். எனக்கு இந்த நோயின் முழு மூலக்கூறுக் கதையும் அந்த ஒரு செல்லில் அடங்கியிருப்பதாகத் தோன்றுகிறது.

மற்ற மரண வழிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெக்ரோப்டோசிஸ் என்பது ஆர்.ஐ.பி.கே.1, ஆர்.ஐ.பி.கே.3 கைனேஸ்கள் வழியாக எம்.எல்.கே.எல். என்ற புரதம் செல்படலத்தைக் கிழிக்கும் முறை. உள்ளிருப்பது எல்லாம் வெளியே கொட்டும், அழற்சி மூளும். கவனிக்க வேண்டியது, வழக்கமாக இந்த முறையைத் தலையெடுக்க விடாமல் அடக்கிவைப்பதே கேஸ்பேஸ்-8 என்பது. அது அந்தக் கைனேஸ்களை வெட்டி முடக்கிவிடும். பைரோப்டோசிஸ் முக்கியமாகக் கல்லீரலில் குடியிருக்கும் விழுங்கு செல்களான குப்ஃபர் செல்களின் விவகாரம். கொலஸ்ட்ரால் படிகங்களும், குடலிலிருந்து கசிந்து போர்ட்டல் ரத்தத்தில் வரும் பாக்டீரியா எச்சங்களும் என்.எல்.ஆர்.பி.3 கூட்டமைப்பை எழுப்ப, கேஸ்பேஸ்-1 காஸ்டெர்மின் டி-யை வெட்ட, படலத்தில் துளைகள் விழுந்து இன்டர்லூக்கின்-1 பீட்டா வெளியேறும்.

ஃபெரோப்டோசிஸ் 2012-இல்தான் பெயர் பெற்றது. இதில் கேஸ்பேஸுக்கு வேலையே இல்லை. படலத்தில் உள்ள பல இரட்டைப் பிணைப்புக் கொழுப்பு அமிலங்களை இரும்பின் துணையோடு ஆக்சிஜன் தாக்கி, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தீப்போல் பரவும் பெராக்சைடு வினை அது. ஜி.பி.எக்ஸ்.4 என்ற செலினிய நொதி குளுட்டத்தியோனைச் செலவிட்டு அதை அணைத்துக்கொண்டிருக்கும்வரை செல் பிழைக்கும். வைட்டமின் ஈ இந்தத் தொடர்வினையை இடையில் அறுக்கும் பொருள் என்பதால் 2010-இல் வெளியான பிவென்ஸ் சோதனையை இங்கே சேர்த்துப் படிக்கலாம். கொழுப்பு அழற்சிக் கல்லீரல் உள்ள, சர்க்கரை நோய் இல்லாத 247 பேரில், 96 வாரம் நாளுக்கு 800 அலகு வைட்டமின் ஈ எடுத்தவர்களில் 43 விழுக்காட்டினருக்குத் திசு நிலை மேம்பட்டது. போலி மாத்திரைக் குழுவில் 19. தழும்பு மட்டும் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. அந்தச் சோதனை நடந்தபோது ஃபெரோப்டோசிஸ் என்ற பெயரே கிடையாது. பலன் அந்த வழியாகத்தான் கிடைத்தது என்று சாதிக்க நான் துணியமாட்டேன். இதைப் படித்துவிட்டு மருந்துக் கடையில் வைட்டமின் ஈ வாங்கிப் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். நெடுநாள் உயர் அளவில் அதற்கென்று தனி ஆபத்துகள் உண்டு.

மடிந்த செல்லுக்குப் பிறகு நடப்பது மடிந்ததைவிட முக்கியம். ஒழுங்காக மடிந்த செல்லின் துண்டுகளை விழுங்கும்போதுகூடக் குப்ஃபர் செல்கள் டி.என்.எஃப். போன்ற அழற்சிப் பொருள்களை வெளியிடலாம். விண்மீன் செல்கள் விழுங்கினால் டி.ஜி.எஃப். பீட்டாவும் கொலாஜனும் கூடுகின்றன. கிழிந்து மடிந்த செல்லிலிருந்து ஹெச்.எம்.ஜி.பி.1, ஏ.டி.பி., மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. எல்லாம் கொட்டும். மைட்டோகாண்ட்ரியா பாக்டீரியா வழித்தோன்றல் என்பதால் அந்த டி.என்.ஏ.-வை நம் நோய் எதிர்ப்புச் செல்களின் டி.எல்.ஆர்.9 ஏற்பி தொற்றுக் கிருமி என்றே எடுத்துக்கொள்கிறது. இன்னும் மடியாத, வதைபடும் செல்கள்கூட நுண்பைகளை அனுப்பி அழற்சிச் செல்களை வரவழைக்கின்றன.

இப்போது எம்ரிகாசானுக்கு விடை கிடைக்கும். அது ஒரு குறிப்பிட்ட கேஸ்பேஸை மட்டும் முடக்கும் மருந்தாக இல்லாமல், குடும்பம் முழுவதையும் முடக்குவது. கேஸ்பேஸ்-3 முடங்கியதால் ஒழுங்கான மரணம் குறைந்தது, எஸ்.ஜி.பி.டி.-யும் இறங்கியது. ஆனால் கேஸ்பேஸ்-8-உம் முடங்கினால் நெக்ரோப்டோசிஸை அடக்கிவைத்திருந்த பிடி தளர்கிறது. கேஸ்பேஸ்-9 முடங்கினால் பலூன் செல்லின் நிலையை மருந்தே உண்டாக்கிவிடுகிறது. சோதனையை நடத்தியவர்களே, செல்கள் வேறு மரண வழிகளுக்குத் திருப்பப்பட்டிருக்கலாம், பலூன் செல்களும் தழும்பும் மோசமாகியிருக்கலாம் என்று எழுதினார்கள். கொழுப்பு அமிலச் சுமை அப்படியே இருக்க, கடைசிப் படியை மட்டும் மறித்ததில் வந்த வினை இது. சற்று மேலே உள்ள ஏ.எஸ்.கே.1 கைனேஸைத் தடுத்து ஜே.என்.கே. பக்கத்தை அடக்க முயன்ற செலோன்செர்டிப் என்ற மருந்தும் 2019-இல் இரண்டு பெரிய சோதனைகளில் தோற்றது. நஞ்சு உள்ளே வந்துகொண்டிருக்கும்வரை, சாவின் கருவிகளை ஒவ்வொன்றாகப் பறிமுதல் செய்வது பலிக்காது என்பதே என் துணிபு.

இதையெல்லாம் நான் எழுத உட்கார்ந்ததற்கு ஒரு குடும்பக் காரணமும் உண்டு. செவ்வாய்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் என் மாமா, குடிப்பழக்கம் அறவே இல்லாதவர், அண்மையில் உடல் பரிசோதனை அறிக்கையைக் கொண்டுவந்து நீட்டினார்.

"ஏங்கண்ணு, எஸ்.ஜி.பி.டி. நார்மல்னு போட்டிருக்குது. அப்புறம் எதுக்கு ஸ்கேன்ல மட்டும் ஃபேட்டி லிவர்ங்கறாங்க? நான் ஒரு நாளும் குடிச்சதில்லையே."

"குடிக்காதவங்களுக்கு வர்றதுதானுங்க மாமா இது. அந்த நம்பரை மட்டும் நம்பி விட்டுடாதீங்க" என்றேன்.

குடிக்காதவர்களுக்கும் குடித்தவர்களைப் போன்ற கல்லீரல் அழற்சி வருவதை ஜூர்கன் லுட்விக்கும் அவர் குழுவினரும் மேயோ கிளினிக்கில் 20 நோயாளிகளை வைத்து எழுதியது 1980-இல். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் 'மது சாராத' என்ற அடைமொழியோடு இருந்துவிட்டு, 2023-இல்தான் வளர்சிதை மாற்றக் கோளாறு சார்ந்த கொழுப்புக் கல்லீரல் நோய் என்று பெயர் மாறியது. எஸ்.ஜி.பி.டி. பற்றிய மாமாவின் நம்பிக்கை ஊர் முழுக்க உள்ள நம்பிக்கை. அது கல்லீரல் செல்லின் திரவப் பகுதியில் இருக்கும் நொதி. செல்படலம் பழுதாகும்போதுதான் ரத்தத்துக்கு வரும். ஒழுங்காகச் சுருங்கி, துண்டாகி, விழுங்கப்படும் செல் அதிகம் கசியவிடாது. சாகாமல் நிற்கும் பலூன் செல்லுக்கும் கசியவிட வேண்டிய கட்டாயமில்லை. சிரோசிஸ் முற்றி, மடிவதற்குச் செல்களே குறைந்துவிட்டாலும் எண் இயல்பாகவே இருக்கும். ஆய்வகங்கள் போடும் 40 என்ற உச்ச வரம்பும் தாராளமானது. நோய் இடர் குறைந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு 2002-இல் கணக்கிட்டவர்கள் ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 19 என்று பரிந்துரைத்தார்கள்.

மரணத்தை நேரடியாக அளக்கும் சோதனை இல்லாமலில்லை. கேஸ்பேஸ்கள் கெராட்டின்-18-ஐ வெட்டும்போது உண்டாகும் துண்டை எம்30 என்ற எதிர்ப்புரதத்தால் ரத்தத்தில் அளக்கலாம்; ஆனால் அது பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூடத்தோடு நின்றுவிட்டது. நடைமுறைக்கு உகந்தது, மரணத்துக்குப் பதிலாகத் தழும்பை ஊகிக்கும் ஃபிப்-4 கணக்கு. வயதை எஸ்.ஜி.ஓ.டி. என்ற மற்றொரு நொதியின் அளவால் பெருக்கி, அதைத் தட்டணுக்களின் எண்ணிக்கையும் எஸ்.ஜி.பி.டி.-யின் வர்க்கமூலமும் பெருகிய தொகையால் வகுக்க வேண்டும். மாமாவுக்கு வயது 52, எஸ்.ஜி.ஓ.டி. 30, எஸ்.ஜி.பி.டி. 36, தட்டணு இரண்டரை லட்சம், அதாவது கணக்குக்கு 250. 1560-ஐ 1500-ஆல் வகுத்தால் 1.04. இது 1.3-க்குக் கீழே என்பதால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. மேலே போயிருந்தால், கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொல்லியிருப்பார்கள். அவருடைய மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1சி 6.1 என்பதுதான் எனக்குக் கவலை. பார்ப்பதற்கு ஒல்லி, வயிறு மட்டும் முன்னே நிற்கும் உடல்வாகு. மேற்கு வங்கக் கிராமங்களில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், கொழுப்புக் கல்லீரல் இருந்தவர்களில் 75 விழுக்காட்டினரின் உடல் நிறை எண் 25-க்கும் கீழேதான் இருந்தது. ஒல்லியாக இருப்பவருக்கு வராது என்ற சமாதானம் நம் நாட்டில் எடுபடாது. கொழுப்புத் துளியின் மேற்பரப்பில் அமரும் பி.என்.பி.எல்.ஏ.3 புரதத்தில் 148-ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பவர்களுக்கு எடை கூடாமலேயே நோய் வரக்கூடும் என்பதும் 2008 முதல் நிறுவப்பட்டு வந்திருக்கிறது.

ஏற்காட்டுக் காப்பி கல்லீரலுக்கு நல்லதா என்று மாமா அடுத்துக் கேட்டார். சேர்வராயன் மலையில் 1820-களில் அன்றைய சேலம் கலெக்டர் காக்பர்ன் நட்டுவைத்த பயிருக்கு இப்படி ஒரு மருத்துவப் பெருமை கிடைப்பதில் எனக்கும் மகிழ்ச்சியே. காப்பி குடிப்பவர்களிடம் கல்லீரல் தழும்பு குறைவாகக் காணப்படுவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனினும் அவை குடித்தவர்களையும் குடிக்காதவர்களையும் ஒப்பிட்ட கவனிப்புகள். அத்துடன் நம் வீட்டு டம்ளரில் போகும் சர்க்கரை அந்த ஆய்வுகளின் காப்பியில் இருந்திருக்காது.

இன்று பலன் தரும் மருந்துகள் எவையும் மரண இயந்திரத்தைத் தொடுவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. 2024 மார்ச்சில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ரெஸ்மெட்டிரோம், கல்லீரலின் தைராய்டு ஏற்பியான பீட்டா வகையைத் தூண்டி, மைட்டோகாண்ட்ரியாவில் கொழுப்பு எரிவதைக் கூட்டுகிறது. 2025 ஆகஸ்டில் இதே நோய்க்கு அங்கே ஒப்புதல் பெற்ற செமாக்ளூடைடு பசியையும் எடையையும் குறைத்து, கொழுப்புத் திசுவிலிருந்து வரும் அந்த 59 விழுக்காட்டு வரத்தையே தணிக்கிறது. இரண்டும் சுமை செல்லுக்குள் நுழையும் இடத்திலோ, உள்ளே செலவாகும் இடத்திலோ கை வைப்பவை. மருந்தில்லாமல் எடை குறைப்பதும் இதே இடத்தில்தான் வேலை செய்கிறது. கியூபாவில் 293 பேருக்கு 52 வாரம் உணவு, நடைப் பயிற்சி ஆலோசனை மட்டும் கொடுத்து, தொடக்கத்திலும் முடிவிலும் திசு எடுத்துப் பார்த்த ஆய்வு 2015-இல் வெளியானது. எடையில் பத்தில் ஒரு பங்கு, அதற்கு மேலும் குறைத்தவர்களில் 90 விழுக்காட்டினருக்கு பலூன் செல்களும் அழற்சியும் சேர்ந்த நோய்நிலை மறைந்தது. 45 விழுக்காட்டினருக்குத் தழும்பே பின்வாங்கியது. மாமாவின் எடை 70 கிலோ. ஆகவே குறைக்க வேண்டியது 7 கிலோ என்று அறிக்கையின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். இரவுச் சாப்பாட்டில் சோற்றைப் பாதியாக்குவதிலிருந்து தொடங்கலாம் என்று அத்தை முடிவு செய்துவிட்டார்.